முதலில் பேப்பர் கட்டு, அப்புறம் டேப்லெட்

கேள்வி: கரூரிலிருந்து எழுதுகிறேன். டெக்ஸ்டைல் டிசைன் முதலாண்டு மாணவி. கோடு இன்னும் கைக்கு வசப்படவில்லை. பேட்டர்ன் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், நடுநடுவே பட்டை பட்டையாக வெற்றிடம் தெரிகிறது. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. மரப்பெட்டியில் வரும் பெரிய ஆர்ட் செட் ஒன்றை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கூடப் படிப்பவர்களோ பென் டேப்லெட் (கணினியில் இணைத்துப் பேனாவால் வரையும் பலகை) வாங்கு என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அந்த மரப்பெட்டியில் நீங்கள் தினமும் தொடப்போவது நாலைந்து பென்சில்தான். மற்றதெல்லாம் பெட்டி நிறைந்து தெரிய வைத்தது. பென்சிலை உதிரியாகவே வாங்குங்கள்: எச்.பி., 2பி, 4பி, 6பி. பி-க்கு முன்னால் எண் ஏற ஏற முனை மென்மையாகும், கறுப்பும் கூடும். பழகுவதற்கு அப்சராவோ டாம்ஸோ தாராளமாகப் போதும்.

செலவு செய்ய வேண்டியது பேப்பரில். 75 ஜி.எஸ்.எம். (தாளின் தடிமனைக் காட்டும் எடை அளவு) ஜெராக்ஸ் பேப்பர், 500 தாள் கட்டாக வாங்கிவிடுங்கள். விலை அதிகமான ஸ்கெட்ச் புக்கில் கை தயங்கும். தாள் வீணாகிவிடுமோ என்று பயந்தே பாதிப் பேர் வரைவதில்லை. போஸ்டர் கலர் அடிக்க மட்டும் தடித்த கார்ட்ரிட்ஜ் பேப்பர் கொஞ்சம், மேலே வைத்து நகல் வரைய, அடியில் இருப்பது தெரியும் பட்டர் பேப்பர் கொஞ்சம். கார்ட்ரிட்ஜ் பேப்பரை மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு தாள் வாங்கி, மூலையில் 4பி-யால் அழுத்திக் கிறுக்கி ரப்பரால் அழியுங்கள். நார் எழும்பினால் அந்தப் பேப்பர் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல், கட்டர், செல்லோ டேப் சேர்த்தாலும் 6,000-இல் பெரும்பகுதி மிஞ்சும்.

இனி அந்த வெற்றிடத்துக்கு வருவோம். இது டேப்லெட் வாங்கினால் தீர்கிற பிரச்சினை இல்லை. 16 செ.மீ. சதுரமாக ஒரு தாள் வெட்டி, ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் பூவோ இலையோ வரையுங்கள். பின்பக்கம் நாலு மூலையிலும் 1, 2, 3, 4 என்று குறித்துக்கொண்டு, நேர் நடுவில் மேலிருந்து கீழாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் வைத்துப் பின்பக்கமாக டேப் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் டேப்பின் மேல் பென்சில் பிடிக்காது. அடுத்து குறுக்கே வெட்டி, மேல் பாதியைக் கீழே மாற்றி ஒட்டுங்கள். வரைந்தது நாலு மூலைக்கும் போய்விடும். நடுவில் காலியிடம் திறந்துகொள்ளும். நீங்கள் பட்டையாகப் பார்த்தது இந்த இடத்தைத்தான். மறுபடியும் ஓரத்தைத் தொடாமல் அதை நிரப்புங்கள். நாலு ஜெராக்ஸ் எடுத்து அடுக்கிப் பார்த்தால் விளிம்புகள் பொருந்தும். அதற்குப் பிறகும் வரிசை கண்ணில் உறுத்தினால் ஹாஃப் டிராப் முறையில், அடுத்த நெடுவரிசையை அரைச் சதுரம் கீழே இறக்கி வையுங்கள்.

ஏன் 16? துணிக்கு ரோட்டரி ஸ்கிரீனில் அச்சடிக்கும் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. பேட்டர்னின் உயரம் அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 16, 32 அடங்கும், 15 அடங்காது. நாளைக்கு ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது இதைத்தான்.

இது கைவந்த பிறகு கிரிட்டா என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அதில் டபிள்யூ விசையை அழுத்தினால், வரைய வரையப் பேட்டர்ன் நாலாபக்கமும் தானாக அடுக்கிக் காட்டும். மவுஸ் போதவில்லை என்று தோன்றும் நாளில் திரையில்லாத சிறிய டேப்லெட் வாங்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் பென் டேப்லெட் வாங்கினேன். பேனாவின் சாய்வை உணரும் என்று விளம்பரத்தில் இருந்தது. சாய்த்தால் ஒன்றும் ஆகவில்லை. ‘பிரித்துப் பயன்படுத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த மாடலுக்கான டிரைவரை (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். அது இல்லாமல் சாய்வு, அழுத்தம் இரண்டுமே சரியாக வேலை செய்யாமல் போகலாம். வரையும் மென்பொருளில் சாய்வை ஏற்கும் பிரஷ்தானா என்றும் பாருங்கள்.

அப்புறமும் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லாதபோது, திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பிரிக்காமல் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது! விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே விற்பவர் அதை மாற்றிவிடலாம். பேனாவைச் சாய்த்து வரைவதை வீடியோ எடுத்து, பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

கேள்வி: டிசைன் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுகிறேன். செமஸ்டர் விடுமுறையில் நிறுத்திவிட்டு மறுபடி சேரலாமா?

பதில்: மாதாமாதம் பணம் போகிறது என்பதற்காக அது மாதச் சந்தா ஆகிவிடாது. ‘வருடத் திட்டம், மாதத் தவணை’ என்று இருந்தால் நடுவில் நிறுத்தக் கட்டணம் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை மறைத்தே விற்றதாக ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது. உங்கள் கணக்கில் திட்டத்தின் பெயரையும் புதுப்பிக்கும் தேதியையும் பாருங்கள். மாணவர் சலுகை விலை முதல் வருடத்துக்கு மட்டும்தானா என்பதையும் பார்த்துவிட்டு, பிறகு நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.