மாநாட்டுக்கு மதுரையா, காரைக்குடியா? – வாசகர் கேள்விகள்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடு: 300 பேர், இரண்டு நாள். ஓட்டல் ஹாலிலேயே உட்கார்ந்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. செட்டிநாட்டு வீட்டில் நடத்தலாம் என்கிறார் தலைவர். மதுரை போதும் என்கிறார் பொருளாளர். யார் சொல்வது சரி?
– சங்கச் செயலாளர், ஈரோடு

பொருளாளர் சொல்வதுதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது கட்டில்களை. கட்டடத்தின் அழகெல்லாம் அப்புறம். 300 பேரில் உள்ளூர்க்காரர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 260 பேரில் 220 பேர் இருவருக்கு ஓர் அறை, 40 பேர் தனி அறை என்றால் 150 அறைகள் வேண்டும். ஓட்டலாக மாறிய செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றுக்கு 10 முதல் 25 அறை இருந்தாலே அதிகம். அவையும் கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி என்று ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. காலை 9 மணி அமர்வுக்கு ஆள் சேர்ப்பதற்குள் பத்தரை ஆகிவிடும்.

மதுரையில் தங்கிக்கொண்டு ஒரு மாலை மட்டும் காரைக்குடி போய்வரலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. 49 இருக்கை பஸ் ஏழு வேண்டும். ஒரு பஸ்ஸில் ஆள் ஏற 10 நிமிடம். போக வர நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்துவிடும்.

மதுரையில் பெரிய கூட்டத்துக்குத் தமுக்கம் மைதானத்தில் மாநகராட்சி கட்டிய மாநாட்டு மையம் இருக்கிறது. பக்கத்திலேயே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். உணவு இடைவேளையில் நடந்தே போய் வரலாம். முதல் நாள் இரவு விருந்துக்குக் கோச்சடையைப் பாருங்கள். மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்காக இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பழைய மதுரா கிளப் இப்போது ஹெரிடேஜ் மதுரை என்ற ஓட்டல். மரமும் கல்தூணும் ஓட்டுக் கூரையுமாக இருக்கும் இடத்தில் தனியாக மேடை அலங்காரம் தேவைப்படாது. இரண்டாம் நாள் மாலை கீழடி அருங்காட்சியகம். 2023இல் திறந்த அந்த வளாகமே செட்டிநாட்டுப் பாணியில் கட்டியதுதான். தலைவரின் ஆசையும் பாதி நிறைவேறும். 300 பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாமல் 50 பேராகப் பிரித்து, அரை மணி இடைவெளியில் அனுப்புங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஹாலானாலும் ஒரு டேப் எடுத்துப் போய் நீங்களே அளந்துவிடுங்கள். நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 8 முதல் 10 சதுர அடி, மேசையும் போட்டால் 16 முதல் 18 சதுர அடி. மேடையும் நடைபாதையும் இதில் சேராது. மேனேஜர் சொல்லும் ‘500 பேர் தாராளமா உட்காரலாம் சார்’ என்பது மேசையில்லாக் கணக்கு. கடைசி வரிசையின் தூரம் திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும். கூரை 12 அடி, திரை தரையிலிருந்து 4 அடி மேலே தொடங்கினால் திரைக்குக் கிடைப்பது 8 அடி. அப்படியானால் 48 அடிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு எழுத்து தெரியாது. நடுவில் இன்னொரு திரை வையுங்கள்.

நாங்கள் 60 பேர்தான். செட்டிநாட்டு வீட்டிலேயே ஒரு நாள் கருத்தரங்கு நடத்த முடிவு செய்துவிட்டோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– பேராசிரியர், திருச்சி

60 பேருக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். ஆனால் அந்த வீடுகள் கல்யாணத்துக்காகக் கட்டியவை, புரொஜெக்டருக்காக அல்ல.

முதல் சிக்கல் வெளிச்சம். வளவின் (முகப்பைத் தாண்டி உள்ளே வரும் முதல் கட்டு) நடுமுற்றம் திறந்தவெளி. பகல் 11 மணியிலிருந்து 2 வரை வெயில் நேராக இறங்கும். எந்த புரொஜெக்டரும் அதன்முன் வெளிறிப் போகும். எல்இடி சுவர் வாடகைக்கு எடுங்கள். முடியாவிட்டால் படம் காட்டும் உரைகளை 9 முதல் 11க்குள்ளும் மாலை 4க்குப் பிறகும் வைத்து, நடுப்பகலில் முகப்புக் கூடத்தில் கலந்துரையாடலை நடத்துங்கள்.

அடுத்தது எதிரொலி. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், சலவைக்கல், தேக்குத் தூண் எல்லாமே வழவழப்பு. குரலை உள்வாங்க ஒன்றுமில்லை. மைக்செட்காரர் இரண்டு பெரிய பெட்டியை முன்னால் வைத்து அலறவிடுவார். வேண்டாம். ஆறு அல்லது எட்டுச் சின்ன ஸ்பீக்கர்களைத் தாழ்வாரத்தைச் சுற்றி வைத்து, ஒலியைக் குறைத்தால் பேச்சு புரியும். தரையில் பவானி ஜமக்காளம் விரித்தால் இன்னும் நல்லது. ஆத்தங்குடிக் கல்லுக்கும் அது காப்பு. அந்தக் கல் சிமென்டில் கையால் வார்ப்பது. எலுமிச்சை, புளி பட்டால் மேல்பூச்சு அரித்துக் கறை நின்றுவிடும். ரசம் பரிமாறும் இடத்தை வளவுக்குள் வைக்காதீர்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டச் சொல்லுங்கள்.

பந்தல்காரர் வந்ததும் முதலில் ஓட்டின்மேல் ஏணியைச் சாய்ப்பார். ஆள் ஏறினால் பழைய ஓடு உடையும். அதன் விளைவு அடுத்த மழையில் உத்தரத்தில் தெரியும். ‘ஓட்டில் ஏறக் கூடாது, சுவரில் ஆணி கூடாது, முற்றத்தில் குழி தோண்டக் கூடாது’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தரையில் தானாக நிற்கும் இரும்புச் சட்டம், அதன் காலுக்கு மணல் மூட்டை. அது போதும்.

மின்சாரத்துக்கு வீட்டு இணைப்பை நம்பாமல் 62.5 கேவிஏ ஜெனரேட்டர் வண்டி ஒன்றை எடுங்கள். இங்கே அந்த வீடுகளின் அமைப்பே உதவிக்கு வரும்: முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் பல. ஜெனரேட்டர், சமையல், தண்ணீர் லாரி எல்லாம் பின்தெரு வழியே. பேராளர்கள் முன்தெரு வழியே. சத்தமும் புகையும் கூட்டத்துக்கு வராது. சுவர் கனத்தால் செல்போன் சிக்னல் உள்ளே மங்கும். அதனால் வைஃபை கருவி முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று.

கழிப்பறையை எண்ணுங்கள்; தங்கும் அறைகளுக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால், இரண்டடி உயரப் படிக்கு 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். ஆறடிப் பலகையைச் சாய்த்துவிட்டு ‘ரேம்ப் போட்டாச்சு’ என்பார்கள். அதில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் நிறைவு விழா வைக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

அதை நம்பி அழைப்பிதழ் அடிக்காதீர்கள். மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நாற்காலி கூடப் போட முடியாது. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1959ஆம் ஆண்டு விதிகள் கூட்டம், வரவேற்பு, விருந்து, மாநாடு எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. அங்கும் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாலை ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, பேராளர்களை டிக்கெட் எடுத்து அழைத்துப் போங்கள், விழாவை வேறிடத்தில் வையுங்கள்.

எங்கே வைத்தாலும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றாக வேண்டும். மூடிய அரங்குக்கு விதிவிலக்கு உண்டு. மேலே கூரையில்லாத முற்றத்தை மூடிய அரங்கு என்று சொல்ல முடியாது.

எந்த மாதம் வைத்தால் மலிவு?
– வாசகி, விருதுநகர்

ஆடி. கல்யாணம் இல்லாததால் மண்டபமும் சமையல்காரரும் பந்தல்காரரும் சும்மா இருப்பார்கள். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான். ஆனால் கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் மதுரை வழியே போவதால் ரயில் நிலையம் பக்கத்து லாட்ஜுகள் நிறைந்திருக்கும். மண்டபம் கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது. சித்திரைத் திருவிழா வாரத்தை நினைக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. திறந்த முற்றத்தை நம்பியவர்களுக்கு ஆகாது. ஆடியில் மதுரை வெயில் குறையாது. வெளியில் வைக்கும் நிகழ்ச்சிகளை 6 மணிக்குமேல் வையுங்கள். இதே கணக்கைக் கோவைக்குப் போடாதீர்கள். அங்கே ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. துணிப் பந்தல் நிற்காது.

கோவையில் ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் எங்களுடையது. மைசூரு, புதுச்சேரி இரண்டும் மதுரையைவிட வாடகை குறைவாகச் சொல்கின்றன. போகலாமா?
– நிர்வாகி, கோவை

வரியைச் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மண்டப வாடகைக்கும் அறைக்கும் வரி, கட்டடம் இருக்கும் மாநிலத்தின் கணக்கிலேயே போடப்படும். கர்நாடகத்திலோ புதுச்சேரியிலோ கட்டிய வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியாது. 5 லட்சம் வாடகைக்கு 18 சதவீதம், 90,000 ரூபாய். மதுரையில் வரவாகத் திரும்பக்கூடிய அந்தத் தொகை அங்கே நேராகச் செலவு. வெளியூர்க்காரர் சொல்லும் வாடகை 10 சதவீதம் குறைவு என்றால் உண்மையில் அவர்தான் விலை கூடியவர். மொத்த ஏற்பாட்டையும் ஒரு நிகழ்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் கணக்கு மாறலாம். பில் எப்படிப் போடுவார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.