எலெக்ட்ரிக் பிளாங்கெட்டில் ஆட்டோ ஆஃப் இருந்தால் இரவு முழுக்கப் போட்டுவைக்கலாமா?

ஊரிலிருந்து லண்டன் வந்திருக்கும் அம்மாவுக்கு மெத்தைமேல் விரிக்கும் வகை வாங்கியிருக்கிறேன், 9 மணி நேர ஆட்டோ ஆஃப் இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படுப்பதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் போடுங்கள்; அவர் படுத்ததும் அணைத்துவிடுங்கள்.

'இரவு முழுக்கப் போடலாம்னு பெட்டியிலேயே எழுதியிருக்கே' என்று யாராவது வருவார்கள். சில மாடல்களில் எழுதியிருக்கும், மறுக்கவில்லை. சூடு அதிகமானால் உணர்ந்து, கை நீட்டி அணைக்கக்கூடியவருக்கு அது சரி. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கோ தூக்க மாத்திரை போடுபவருக்கோ சரிவராது. சுட்டுவிடும் அளவு சூடு வேண்டியதில்லை. மிதமான சூடு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டாலே தோல் வெந்துவிடும்.

ஆட்டோ ஆஃப் வெறும் கடிகாரம். பிளாங்கெட் சுருண்டு கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைக் கவனிப்பது கம்பியே. இப்போது வரும் பலவற்றில் நடுவில் நூல், அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி, பிறகு ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்குமேல் இன்னொரு கம்பி, கடைசியாக உறை. ஓரிடத்தில் சூடு எல்லை மீறினால் படலம் உருகி இரு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். கண்ட்ரோலருக்குள் ஃபியூஸ் போய்விடும். அப்படி நின்றது நின்றதுதான். திறந்து ஃபியூஸ் மாற்றி உயிர்கொடுக்காதீர்கள், தூக்கிப்போடுங்கள். பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் வேறு; அது 3 ஆம்பியர்தான் இருக்க வேண்டும். 100 வாட்டுக்கு அரை ஆம்பியர்கூட ஓடாது. கைக்குக் கிடைத்தது என்று 13 ஆம்பியரைச் செருகி வைப்பவர்கள் நிறைய.

கெடுவது பெரும்பாலும் மடிப்பில். கோடையில் நாலாய் மடித்து, மேலே சூட்கேஸை ஏற்றிவிடுவார்கள். கம்பி அங்கேதான் முறியும். தளர்வாகச் சுருட்டி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். கம்பிகள் கோடு போட்ட நோட்டுப்போல இடைவெளி விட்டு ஓட வேண்டும். இரண்டு கோடு ஒட்டிக்கொண்டாலோ, துணியில் பழுப்புக் கறை இருந்தாலோ, கனெக்டர் முனை கறுத்திருந்தாலோ அதன் ஆயுள் அவ்வளவுதான். பார்க்க நன்றாக இருந்தாலும் 10 வருடத்துக்குமேல் வேண்டாம். பிரிட்டன் தீயணைப்புத் துறையினரும் அதையே சொல்கிறார்கள்.

நாடாக்களை மெத்தையோடு இழுத்துக் கட்டுங்கள். கூடவே வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. ஊக்கு குத்தக் கூடாது. ஈரமானால் நன்றாகக் காய்ந்தபின்தான் பிளக். போட்டுவிட்டால் காய்ந்துவிடும் என்பது மகா மடத்தனம். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், சுவர் பாயின்ட்டிலேயே மாட்டுங்கள்.

கேட்காத ஒன்று: காலையில் எல்லோரும் வேலைக்குப் போகும்போது கேஸ் பில்லுக்குப் பயந்து ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, வந்திருக்கும் பெற்றோரைச் சில்லிட்ட வீட்டில் உட்காரவைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. நீங்கள் அப்படியில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பகலெல்லாம் விறைத்தவருக்கு ராத்திரி பிளாங்கெட் வாங்கித் தந்து என்ன பயன்?

கனடாவில் இருந்தபடி இதைப் படித்துவிட்டு ஊட்டிக்கோ நுவரெலியாவுக்கோ ஒன்று வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு: கனடாவில் கிடைப்பது 120 வோல்ட். ஊரின் 230 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் 100 வாட் கம்பி 360 வாட்டுக்குமேல் இழுக்கும். ஊரில் கிடைக்கும் 230 வோல்ட் பிளாங்கெட்டையே வாங்கிக்கொடுங்கள்.