கிழக்கே திரும்புங்கள்: பிச்சாவரத்திலிருந்து கோடியக்கரை வரை, கேள்வி பதில்

மயிலாடுதுறையில் வாடகை வேன் ஓட்டுகிறேன். பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடலோரமாகப் போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணா, சேலத்திலிருந்து வருகிறோம். பிச்சாவரம் முதல் கோடியக்கரை வரை ஒரே நாளில் முடியுமா?

ஓட்டி முடிக்கலாம், பார்த்து முடிக்க முடியாது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான், ஆனால் வழி முழுக்க இறங்க வேண்டிய ஊர்கள். இரண்டு நாள் வையுங்கள். முதல் ராத்திரி காரைக்காலிலோ வேளாங்கண்ணியிலோ தங்கலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்கிறார்களே, வண்டியில் இருந்தே கடல் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. சென்னை பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே வந்து ஏமாந்து போகிறார்கள். இது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். சாலை கடலை விட்டுத் தள்ளியே போகும், இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும்தான். கடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊரிலும் கிழக்கே திரும்ப வேண்டும். திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர் எல்லாம் அப்படித்தான். சில கிலோமீட்டர் சுற்று என்று பார்த்து நேரே விட்டுவிட்டால், ஊருக்குப் போய்ச் சொல்ல எதுவும் இருக்காது. அந்த வயலையும் சும்மா கடந்துவிடாதீர்கள். தை மாதம் சம்பா முற்றி நிற்கும், பிள்ளைகளை ஒரு வரப்பில் இறக்கி நடக்கவிடுங்கள்.

பூம்புகாரில் பழைய நகரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கண்ணகி நடந்த தெருவைத் தேடாதீர்கள். 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, கதையைச் சிற்பங்களில் பார்க்கலாம். நான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் சங்கமுகத்துக்குத்தான் கூட்டிப் போவேன். திருச்சியில் அவ்வளவு அகலமாகப் பார்த்த காவிரி, கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, இங்கே வாய்க்கால் மாதிரி வந்து கடலில் சேர்கிறது. "இதுவா காவிரி?" என்று கேட்காத பிள்ளை இல்லை. ஆமாம், இதுதான் என்று சொல்லி, வழியில் பார்த்த வயலை நினைவுபடுத்துங்கள். கோடையில் போனால் மணல்தான் இருக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, அதற்கப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

அப்பாவுக்கு இந்த வருடம் 70. அதிகம் நடக்க முடியாது. அவருக்கு ஏற்ற இடம்?

70 என்றால் திருக்கடையூரை விடாதீர்கள் அக்கா, வழியிலேயே இருக்கிறது. 70 வயதுக்காகச் செய்யும் பீமரத சாந்தி பூஜைக்கு அங்கே கோயிலில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகில் ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அரை நாள். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்டார். கடற்கரைக்கு மட்டும் மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் தெரியாது.

பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா?

கால் நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். என் வண்டியில் வந்த ஒரு பையன் முழங்கால் அளவு தண்ணீரில்தான் நின்றான். அலை திரும்பும்போது காலடி மண் சரிந்து இழுத்துவிட்டது. பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் பாய்ந்து பிடித்ததால் பிழைத்தான். அவன் அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

சாப்பாடு?

நாகூரில் சாயங்காலம் இறால் வைத்துப் பொரித்த வாடா என்கிற பலகாரம் சூடாகக் கிடைக்கும், தர்காவுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுங்கள். மீனுக்கு நாகப்பட்டினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது, அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் கொஞ்சமாகத்தான் வரும், விலையும் ஏறியிருக்கும்.

கோடியக்கரையில் மானும் பூநாரையும் நிச்சயம் தெரியுமா தம்பி?

பூநாரை குளிர்காலத்தில்தான் வரும், தண்ணீர் நிற்கும் இடத்தைப் பொறுத்து இடம் மாறும். வெளிமான் விடியலிலும் சாயங்காலத்திலும் புல்வெளியில் மேயும். உச்சி வெயிலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் இரண்டாம் நாளை இருட்டோடு தொடங்கச் சொல்கிறேன். வேளாங்கண்ணியில் தங்கினால் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது வேதாரண்யத்தில் உப்பளத்தைக் காட்டுங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண் இது.

புதிதாக ஓட்டுகிறேன், கவனிக்க வேண்டியது?

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அறுவடை இயந்திரம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். ஹாரன் அடித்துத் துரத்தாதீர்கள். நெல் மேல் ஏற்றாமல் ஓரமாக, மெதுவாகப் போங்கள். இருட்டிய பிறகு வேதாரண்யம் பக்கம் மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சத்திலேயே திருத்துறைப்பூண்டியைத் தாண்டிவிடுங்கள்.