மலேசியாவின் கோல சிலாங்கூர் ஒரு காயல் நகரமா? கடலோரச் சேற்றில் தோட்டங்கள் எப்படி வந்தன?

காயல் நகரம் இல்லை. அலை சேர்த்த மணல் திட்டாகிக் கடலை மறித்து, உள்ளே நீர் தங்கினால்தான் காயல். பழவேற்காடு அப்படிப்பட்டது. கோல சிலாங்கூர் கடலோரத்தில் மறித்து நிற்பது மனிதர் போட்ட மண்கரை. வெளியே சேறும் அலையாத்திக் காடும், உள்ளே செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் பனை. நான் இந்த மாவட்டத்தில், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தக் கரையைப் பற்றித்தான். ஆனால் ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

‘கோல’ என்றால் மலாயில் முகத்துவாரம். தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு இங்கே மலாக்கா நீரிணையில் சேர்கிறது. சாலை இல்லாத காலத்தில் உள்நாட்டு ஈயம் ஆற்று வழியாகத்தான் வெளியே போனது. முகத்துவாரம் யார் கையிலோ, வரியும் அவர் கையில். முகத்துவாரத்தை ஒட்டிய மெலாவத்தி குன்றின் கோட்டைக்கு அதனால்தான் அத்தனை போட்டி. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரில் ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்றார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கம் இன்றும் அந்த டச்சுப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பிறகு வந்தவை தோட்டங்கள். முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இந்த மாவட்டத்தில்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, 1917இல் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமாரம். கேட்ட மாத்திரத்தில் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

கடலோரக் களிமண் வளமானது, ஆனால் தாழ்வானது. பெரிய ஏற்றத்தின்போது கடல் மட்டம் தோட்டத்துத் தரையைவிட மேலே போய்விடும். கரையும் கால்வாயும் மதகும் இல்லாமல் அங்கே ஒரு மரமும் நிற்காது. என் அப்பா மதகு பார்த்தவர். கடல் வற்றும்போது மதகைத் திறந்து மழைநீரை வெளியே விட வேண்டும். ஏறுவதற்குள் மூட வேண்டும். அது நடுநிசியிலும் வரும், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்திலும் வரும். அம்மா விரதத்துக்காக நாட்காட்டியில் பார்க்கும் அமாவாசையும் பௌர்ணமியும் அப்பாவுக்குக் கடல் மிஞ்சி ஏறும் நாட்கள். பல இரவுகள் டார்ச் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போயிருக்கிறேன்.

கால்வாயில் ஒரு கம்பு நட்டு, அதில் கத்தியால் இரண்டு கோடுகள் கீறியிருந்தார். நீர் மேல்கோட்டைத் தாண்டி நின்றால் வேர் மூச்சு முட்டி மரம் வாடும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால், “மண் புளித்துவிடும்” என்பார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. பழைய அலையாத்திக் காட்டு மண்ணில் கந்தகம் கலந்த இரும்புத் தாது உண்டு. நீருக்குள் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். வெட்டிய மண்ணில் மஞ்சள் கீற்று ஓடும், கால்வாய்த் தண்ணீர் துருநிறமாகும். இதை அப்பா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு கம்பில் இரண்டு கோடு போட்டுக் காத்துவந்தார். ஓராண்டு மட்டும் கைமாறிய கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள், நாள்தோறும் கடலைத் தடுத்த இந்தக் கைகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் தீராத ஆசை.

மின்மினியைப் பற்றிக் கேட்காமல் போக மாட்டீர்கள். சிலாங்கூர் ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் அவை கூடுவது பெரெம்பாங் என்னும் அலையாத்தி மரங்களில். உப்பும் நன்னீரும் கலக்கும் ஆற்றோரத்தில்தான் அந்த மரம் வளரும். அதே ஈரக்கரையில் சிறு நத்தைகளைத் தின்று மின்மினிப் புழுக்கள் வளரும். ஆற்றை ஒட்டிச் செம்பனை போடுவதற்காகக் கரையை வழித்தால் இரண்டுமே போய்விடும். தோட்டத்தில் பிறந்தவனாகவே இதைச் சொல்கிறேன்.

காயல் போன்ற ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டுமானால், குன்றின் அடிவாரத்திலுள்ள இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 1987இல் அமைந்தது. அங்குள்ள உவர்நீர் ஏரி, கரை போட்டதால் கடல்நீர் வராமல் போன சதுப்பில் பறவைகளுக்காக வெட்டியது. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய்க் கரையில் ஏறி நில்லுங்கள்: ஒரு பக்கம் சேற்றில் நண்டுகள் ஓடும், மறுபக்கம் ஏரியில் கொக்குகள் நிற்கும்.