பதில்: மழைக்காலத்தில் பாய்லர் பிரஷர் ஏறவில்லை

வணக்கம் சார். மழை தொடங்கியதிலிருந்து சாயப்பட்டறை பாய்லரில் நீராவி பிரஷர் ஏறவில்லை, விறகு மட்டும் கூடுதலாகப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விறகைப் பாருங்கள். பாதி எடை ஈரமாக உள்ள பச்சை விறகு கிலோவுக்குச் சுமார் 2,000 கிலோகலோரிதான் தரும். ஈரம் 20 சதவீதமானால் ஏறக்குறைய 3,400. எடைமேடையில் தண்ணீருக்கும் சேர்த்தல்லவா காசு கொடுக்கிறோம், வயிறு எரிகிறது!

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், வெட்டுமுகத்தில் விரிசல் ஓடியிருக்கும். ஈரக்கட்டை தொப்பென்றுதான் சத்தம் தரும். தடித்த கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல், கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்குங்கள். அப்புறம், ஈரவிறகின் புகை, பாய்லருக்குள் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் குழாய்களான டியூப்களில் தாராகப் படிந்திருக்கும். பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.