மூடியைக் கழற்றாமல் ஒரு சோதனை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (திருமங்கலத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு வாசகர்): நெடுநாள் சேமித்து ஒரு மிரர்லெஸ் கேமராவும், விண்மீன்களின் நகர்வுக்கு ஈடாகத் தானே சுழலும் ட்ராக்கரும் வாங்கினேன். மாசி மாதத்தில் 200 மி.மீ. லென்ஸில் ஓரியன் நெபுலா என்னும் விண்முகிலை இரண்டிரண்டு நிமிடப் படங்களாக எடுத்தேன். படம் முழுவதும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். ஓர் ஓரத்தில் ஊதாப் படலம். மற்றவர்கள் படங்களில் செக்கச்சிவந்து தெரியும் நெபுலாவின் வெளிப்பகுதி எனக்கு வெளிறித்தான் வந்தது. கடையில் கேட்டால், எல்லாக் கேமராவும் இப்படித்தான் என்கிறார்கள். கேமரா பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. அவற்றைப் பிரித்தறிய வானமே தேவையில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவின் வாயை அதற்குரிய மூடியால் அடைத்து, இருட்டறையில் வைத்துச் சோதித்தால் போதும். புதுக் கேமரா வாங்கியவர்கள் அன்றிரவே மொட்டை மாடிக்கு ஓடுவது இயல்புதான், நானும் ஓடியிருக்கிறேன். ஆனாலும் நம் ஊர் வெப்பத்தில் ஒரு கேமரா எப்படி நடந்துகொள்ளும் என்பதை மூடிய கேமராவே தெளிவாகச் சொல்லும்.

ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600, இரண்டு நிமிடம், கேமரா திருத்தாத ரா கோப்பு என்று அமைத்து, இடைவெளியின்றிப் பத்துப் படங்கள் எடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான (ஒளியைப் பதியவிடும் நேரத்துக்கான) இரைச்சல் குறைப்பு வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கதவை மூடி இன்னொரு படம் எடுத்துக் கழிப்பதால், வானத்தின் கீழே உங்கள் இரவில் பாதி வீணாகிவிடும். பிறகு முதல் படத்தையும் பத்தாவது படத்தையும் கணினியில் நன்கு வெளிச்சமாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பத்தாவதில் புள்ளிகள் கூடியிருந்தால், வேலை செய்யச் செய்ய, ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் தானே சூடாகியிருக்கிறது என்று பொருள்.

ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தினால் சென்சாரில் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த இருள் மின்னோட்டம், வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி உயரும்போதெல்லாம் இரட்டிப்பாகும். சித்திரை இரவில் மதுரையில் 28 டிகிரி இருக்கிறது, கொடைக்கானலில் 10 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட பதினெட்டு டிகிரியில் மூன்று இரட்டிப்புகள் அடங்கும். ஆக, அதே கேமரா மலை மேல் எட்டில் ஒரு பங்கு இருள் மின்னோட்டத்தோடு இயங்கும். குளிர்நாடுகளில் எடுத்த மாதிரிப் படங்களைப் பார்த்து நம் கேமராவைக் குறை சொல்வதில் நியாயமில்லை என்பது இதனால்தான். (குளிர்சாதனப் பெட்டிக்குள் கேமராவை வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், வெளியே எடுத்ததும் நம் காற்றின் ஈரம் கேமராவின் மேலும் உள்ளும் நீராகப் படிந்துவிடும்.)

எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள், அதே ஓரத்தில் அதே படலம் என்றிருந்தால் அது பழுதன்று. ஓரத்துப் படலம், சென்சாரை ஒட்டியுள்ள மின்சுற்றுகளின் சூட்டாலும் ஒளிர்வாலும் வருவது. வானப் படங்களுக்குரிய அதே ஐ.எஸ்.ஓ., அதே நேர அளவு, அதே வெப்பநிலையில் மூடி போட்டு இருபது படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியை, பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங் மென்பொருளில் கழிக்கச் சொன்னால் பெரும்பகுதி நீங்கிவிடும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த டார்க் படங்களை வீட்டுக்கு வந்து மறுநாள் பகலில் எடுப்பதில் பயனில்லை. களத்திலேயே, வானப் படங்கள் முடிந்த கையோடு எடுங்கள். மேலும், பத்துப் படங்களுக்கு ஒருமுறை கேமராவின் பார்வையைச் சிறிது நகர்த்திக்கொண்டால், எஞ்சிய புள்ளிகள் விண்மீன்களோடு ஒத்துப்போகாமல் ஸ்டாக்கிங்கில் உதிர்ந்துவிடும்.

மாறாக, ஆயிரத்தில் ஒரு நொடி எக்ஸ்போஷரிலும் எரிந்துகொண்டிருக்கும் புள்ளிகளோ, படத்துக்குப் படம் இடம் மாறும் தடித்த பட்டைகளோ தென்பட்டால், அந்தக் கோப்புகளை அப்படியே கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரும்படி உறுதியாகக் கேளுங்கள்.

நிறத்தின் கதை வேறு. நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் ஒளி. மனிதத் தோலின் நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சென்சாரின் முன் வைக்கும் வடிகட்டி, அந்த ஒளியில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. அதை அகற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் உத்தரவாதம் போய்விடும், பகல் படங்களும் சிவந்துவிடும். வீட்டுக் காதணி விழாவுக்கும் இதே கேமராதான் என்றால், தாய்மாமன்மார் எல்லோரும் செம்பருத்திப் பூ நிறத்தில் வரிசையாக நிற்பார்கள். வடிகட்டியைத் தொடாமல், அது தடுக்காத ஒளியுள்ள பொருள்களைத் தேர்ந்தெடுப்பதே இப்போதைக்கு நல்லது. விண்மீன் கொத்துகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் உங்கள் கேமராவுக்கு அவை பொருந்தும். கார்த்திகைக் கூட்டமும் அதைச் சூழ்ந்த நீலப் புகையும் ஒன்று. இன்னொன்று, ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காணவே முடியாத ஓமேகா சென்டாரி. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரியில் இருப்பதால், இந்தப் பெருங்கொத்து நமக்குத் தென்வானில் 32 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி அந்த உயரத்தை எட்டும். ஒரு நிமிடப் படங்கள் அறுபது எடுத்துச் சேர்த்துப் பாருங்கள், கேமராவின் உண்மையான திறன் தெரியும்.

கேள்வி (மதுரை கே.புதூரிலிருந்து): இதற்காக அழகர்கோவில் பக்கம் போனால் போதுமா?

பதில்: வடவானப் பொருள்களுக்குப் போதும். தெற்கே தாழ்ந்து நிற்பவற்றுக்குப் போதாது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் மதுரை நகரத்தின் வெளிச்சம்தான் எழுந்து நிற்கும். நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பேரையூர்ப் பக்கம் போவது மேல்.

கேள்வி (உசிலம்பட்டியிலிருந்து): ட்ராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்கச் சொல்கிறார்கள். அந்த நட்சத்திரமே எனக்குத் தெரிவதில்லை. என்ன செய்வது?

பதில்: நம் பகுதியில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து பத்து டிகிரிதான் உயரும். புழுதி, தென்னந்தோப்பு, அடுத்த வீட்டு மாடி, இவற்றில் ஏதாவது ஒன்று மறைத்துவிடும். அது தெரியாமலும் ட்ராக்கர் சுழலும் அச்சைச் சரிசெய்ய வழி உண்டு. முதலில் திசைகாட்டியால் வடக்கு நோக்கி வைத்து, சாய்வைப் பத்து டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தெற்கு உச்சியில், வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டுக்கு) அருகிலுள்ள ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிச் சில நிமிடம் கவனியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே விலகியிருக்கிறது; வடக்கே நழுவினால் மேற்கே விலகியிருக்கிறது. அதன்பின் கிழக்கு வானில் ஒரு விண்மீனைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல்முறை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முடிந்ததும் ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தில் மாடித் தரையில் பெயிண்டால் குறி வைத்துக்கொண்டால், அடுத்த முறை பத்து நிமிடத்தில் வேலை தொடங்கிவிடலாம்.

கேள்வி (மதுரை அனுப்பானடியிலிருந்து): குளிரூட்டப்பட்ட வானியல் கேமராவையே நேரடியாக வாங்கிவிடலாமா?

பதில்: கையில் ஏற்கெனவே சாதாரணக் கேமரா இருந்தால், தை தொடங்கிச் சித்திரை முடிய ஒரு பருவம் அதிலேயே எடுத்துப் பாருங்கள். குளிரூட்டும் கேமராவுக்குக் கணினியும் 12 வோல்ட் மின்கலமும் கூடவே வர வேண்டும். பகலில் அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. வாங்குவதென்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அது சுற்றுக் காற்றைவிட 30 அல்லது 35 டிகிரி வரையே குளிர்விக்கும். விளம்பரத்தில் மைனஸ் பத்து, மைனஸ் இருபது என்று போட்டிருந்தாலும், 30 டிகிரி இரவில் நீங்கள் பூஜ்யத்தில் நிறுத்துவதுதான் சரி. ஆண்டு முழுவதும் அதே பூஜ்யத்தில் இயக்கினால், டார்க் படங்களை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு பல மாதங்கள் பயன்படுத்தலாம்.