பழைய எஸ்டிஐ-க்கு எந்த ஏர் ஃபில்டர் போடுவது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: மெல்போர்னில் 2011 மாடல் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் போட்டுவைத்திருக்கிறார். அதைக் கழுவி அப்படியே ஓட்டலாமா, பேப்பர் ஃபில்டருக்கு மாறலாமா, இல்லை நண்பர்கள் சொல்வதுபோல் இன்டேக் (ஃபில்டர், பெட்டி, குழாய் என்று காற்று எஞ்சினுக்குப் போகும் வழி) முழுவதையுமே மாற்றிவிடலாமா?

என்னிடமும் இதே வண்டிதான், சிட்னியில் ஏழு வருடமாக ஓட்டுகிறேன். என் பதில்: ஃபில்டர் உட்காரும் கம்பெனிப் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பேப்பர் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், அது பெட்டிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று உங்கள் கையாலேயே பாருங்கள். மூன்றிலும் கடைசிதான் முக்கியம். எந்த பிராண்டு என்ற கேள்விக்கு அதற்கு அப்புறம்தான் இடம்.

முதலில் இந்த எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பாருங்கள். 2.5 லிட்டர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி), 300 குதிரைத்திறன். முழு வேகத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போகிறது. சாதாரணமாக ஓட்டினாலும் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று வேண்டும். அத்தனை காற்றிலும் இருக்கும் மண் துகளுக்கு முன்னால் நிற்பது அந்த ஒரு மடித்த காகிதம் மட்டும்தான். தாண்டிப் போகும் மணல் முதலில் டர்போவின் கம்ப்ரஸர் இறக்கைகளின் ஓரத்தை அரிக்கும், பிறகு சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும்.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அளந்த சோதனைத் தூசியைக் காற்றோடு விட்டு, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தாண்டியது, காற்றுக்கு எவ்வளவு தடை என்று பார்ப்பார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். எண்ணெய் தடவிய பஞ்சு ரகங்கள் பொதுவாக 96 முதல் 99 வரை. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். தாண்டிப் போகும் பக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள்: 99 பிடித்தால் நூறில் ஒரு பங்கு உள்ளே போகிறது, 97 பிடித்தால் மூன்று பங்கு. எஞ்சினுக்குப் போகும் மண் மூன்று மடங்கு. பந்தயத்துக்கு ஓடிவிட்டு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது சரி. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட நினைப்பவருக்கு எனக்கு அதைச் சொல்ல மனம் வராது.

பஞ்சு ஃபில்டரில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. உங்கள் வண்டியில் ஃபில்டரைத் தாண்டியதும் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அதற்குள் சூடான மெல்லிய கம்பி. காற்று அதைக் குளிர்விக்கும், திரும்பச் சூடாக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அதை வைத்து ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், காற்றின் எடையைக் கணக்கிடும். கழுவிய ஃபில்டருக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டால், அந்த எண்ணெய் ஆவியாகவும் துளியாகவும் பறந்து கம்பியில் படியும், அதன்மேல் தூசு ஒட்டும். கம்பிக்குப் போர்வை போர்த்தியது மாதிரி. வந்த காற்றைவிடக் குறைவாகக் காட்டும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் அதைச் சரிக்கட்டிவிடும். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது அந்தக் காவல் இல்லை. இந்த இஜே257 எஞ்சினில் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது ஊரறிந்த பலவீனம். பெட்ரோல் குறைந்து நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் முதல் அடி அங்கேதான் விழும். அளவாக எண்ணெய் போடத் தெரிந்தவர்கள் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறார்கள், அதை மறுக்கவில்லை.

சரி, ஏன் பெட்டிக்குள் உட்காருவதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு புரோக்கன் ஹில் போனோம். சிட்னியிலிருந்து ஒரு பக்கமே ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். நகரத்தைச் சுற்றிய மண் சாலைகளில் இரண்டு நாள் ஓட்டினேன். செம்மண், முகப் பவுடர் மாதிரி அவ்வளவு மெல்லியது. புறப்படுவதற்கு முந்தைய வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்து புது ஃபில்டர் போட்டிருந்தார்கள். திரும்பி வந்து, எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டரின் முன்பக்கம் சிவப்பாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். பின்பக்கம், அதாவது எஞ்சினைப் பார்க்கும் பக்கம், பெட்டியின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தேன். அடிப்பக்க மூலையிலிருந்து சென்சார் வரை விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு துணியில் ஒட்டி வந்தது. அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறேன்.

காரணம் மிகச் சின்னது. இந்தப் பெட்டி முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. மேலே இரண்டு கம்பி கிளிப்புகள் இருக்கும், அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடியில் கொக்கி மாதிரி நாக்குகள் உண்டு. முதலில் அவை முன்பாதியின் துளைகளில் நுழைய வேண்டும், பிறகுதான் மேலே கிளிப் போட வேண்டும். நாக்கு நுழையாமலே கிளிப் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அடியில் ஒரு பென்சில் முனை அளவு இடைவெளி. ஃபில்டரே இல்லாத பாதை அது. அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினேன், மண் உள்ளே போனதைக் காட்டும் சிலிக்கான் அளவு முன்பைவிட மூன்று மடங்கு ஏறியிருந்தது. (புதிதாக கேஸ்கெட் பேஸ்ட் போட்டாலும் சிலிக்கான் ஏறும், ஆனால் நான் எதையும் பிரிக்கவில்லை.) நாக்குகளைச் சரியாக மாட்டிய பிறகு இரண்டு ஆயில் மாற்றத்தில் பழைய நிலைக்கு இறங்கியது.

அதனால் மாற்றும் வேலையை நீங்களே செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியிருக்கட்டும். சென்சாரின் வயர் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பின்பாதியை இழுக்கும்போது வயர் இழுபடும். கிளிப்புகளை விடுவித்துப் பின்பாதியைக் கண்ணாடிப் பக்கமாக நகர்த்தினால் ஃபில்டர் கைக்கு வரும். பெட்டிக்குள் இலை, பூச்சி, மண் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், ஊதாதீர்கள். புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு நான்கு மூலையிலும் பள்ளத்தில் படிந்ததா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்து அடி நாக்குகளைப் பார்த்து மாட்டுங்கள். பிளக்கை மறக்காமல் திருப்பிச் செருகுங்கள்.

எப்போது மாற்றுவது? நான் நகர ஓட்டத்தில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, மண் சாலைப் பயணம் முடிந்தால் உடனே. அதற்காக மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாம். பேப்பர் ஃபில்டர் கொஞ்சம் தூசு படிந்த பிறகுதான் இன்னும் நன்றாகப் பிடிக்கும், படிந்த தூசே ஒரு சல்லடையாகிவிடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதும் வேண்டாம், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மைலேஜ் குறைகிறதா என்று பார்த்து ஃபில்டரின் நிலையைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் அடைத்த ஃபில்டர்களோடு ஓட்டிப் பார்த்தபோது, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. மைலேஜ் குறையும் என்ற பேச்சு கார்புரேட்டர் காலத்துடையது.

இன்டேக் முழுவதும் மாற்றுவது பற்றி. பானட்டில் இருக்கும் அந்தப் பெரிய வாய் ஃபில்டருக்குக் காற்று தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இன்டர்கூலருக்கு, அதாவது டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகத்துக்கு. ஃபில்டர் பெட்டிக்கு, வண்டியின் முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்று நேராக வருகிறது, குளிர்ந்த காற்றுதான். அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு எஞ்சின் சூட்டுக்குள் திறந்த ஃபில்டரை வைத்தால், டர்போவின் சத்தம் அருமையாகக் கேட்கும், காற்று சூடாகும். குழாயின் விட்டம் மாறினால் சென்சார் கணக்கும் மாறிவிடும். உதாரணத்துக்கு 70 மில்லிமீட்டர் குழாய் 76 ஆனால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், ஈசியூ குறைவாகப் படிக்கும், மறுபடி பெட்ரோல் குறைவு. டியூன் செய்யாமல் (ஈசியூவின் கணக்கைப் புது பாகத்துக்கு ஏற்ப மாற்றாமல்) இந்த எஞ்சினில் அதைப் போடவே போடாதீர்கள். டியூன் செய்யும் திட்டம் இருந்தால் மட்டும் டியூனரிடம் கேட்டு வாங்குங்கள், அவர் சொல்லும் இன்டேக்கையே.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பஞ்சு ஃபில்டரைக் கழற்றியதும் சென்சாரை வெளியே எடுத்து, அதற்கென்றே விற்கும் ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனர் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் எதுவும் வேண்டாம், கம்பியைத் துணியாலோ பட்ஸாலோ தொடவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஓபிடி ரீடர் (ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் கருவி) இருந்தால் சுத்தம் செய்வதற்கு முன்னும், நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின்னும் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் எண்ணை, அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டி அல்லது குறைத்துச் சரிக்கட்டுகிறது என்பதை, குறித்துக்கொள்ளுங்கள். முன்பு கூட்டல் எட்டு, பத்து என்று இருந்து பிறகு பூஜ்யத்தை நெருங்கினால் எண்ணெய் கம்பியில் படிந்திருந்தது என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வயது வண்டிகளில் அது சகஜம். இரண்டு எண்களையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.